நூற்றில் பதினொன்று காணோம்

அண்ணே,

இன்று காலை இன்டர்நெட் பழுது பார்க்க ஒருவர் வந்திருந்தார். மகளோடு வீடியோவில் பேசினால் அவள் வாய்தான் அசைகிறது, பாதிப் பேச்சு வந்து சேருவதில்லை. அவர் லேப்டாப்பைத் திறந்து என்னவோ தட்டிவிட்டு, "டெஸ்டுக்கு நூறு தகவல் அனுப்பினேன் மேடம், பதினொன்னு காணோம். எந்த எடத்துல விழுதுன்னு பாக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபி கொடுத்து உட்காரவைத்து உங்கள் கதையைச் சொன்னேன்.

எழுபதுகளின் கடைசி. நான் கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், நீங்கள் லைன்மேன். பக்கத்து மலைக்கிராமமான கூக்காலின் தபால் ஆபீசில் இருந்த ஒரே போனுக்குப் பேசினால் நடுநடுவே வார்த்தைகள் காணாமல் போயின. ஆபரேட்டர் பெண் ஒட்டுக்கேட்கிறாள், அதனால்தான் பேச்சு அறுகிறது என்று ஓர் உருளைக்கிழங்கு வியாபாரி மேலதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டார். கம்பியில்தான் பழுது என்று சனிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் எனக்கு மலையை விட்டுக் கீழே மாற்றல் என்று மெமோ வந்தது. வீட்டில் அப்பா படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

கம்பியைச் சோதிக்க நீங்கள் கூக்கால் போய்ச் சேர்ந்து போனை எடுத்தீர்கள். "எதையாச்சும் பேசு தங்கச்சி." அவசரத்துக்கு என் வாயில் வந்தது பரலோக மந்திரம். இருவரும் ஒரே கோயிலில் முழங்கால் போட்டவர்கள்தானே. நான் சொல்லி முடித்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே சொல்லி முடித்த பிறகு தனியாக ஒலிக்கும் உங்கள் ஆமென், போனிலும் பிந்தி வந்தது. "சுத்தமா கேக்குது. ஒரு சொல்லு விழல."

மூன்று நாள் இதே கூத்து. நீங்கள் நல்லது சொல்லச் சொல்ல எனக்கு மாற்றல் நெருங்கியது. கம்பி சுத்தம் என்றால் குற்றம் என்மேல்தான். வியாழக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடுவில் ஒரு வரியை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன்.

"சுத்தமா கேக்குது" என்றீர்கள்.

"அண்ணே, ஒரு வரிய நான் சொல்லவே இல்லண்ணே."

மறுமுனையில் சிரிப்பு. "அடியாத்தி, நான் காதால கேக்கல தங்கச்சி. மனப்பாடமால்ல கேட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு டைரக்டரியைப் புரட்டி, வரிசையில்லாமல் நூறு எண்களை வாசித்தேன்; கேட்டதை நீங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னீர்கள். பதினான்கு வந்து சேரவில்லை. அந்தப் பதினான்குக்கு நாம் சந்தோஷப்பட்டதுபோல் யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் வெள்ளனே, பாதி வழியில் ஒரு கம்பத்தில் ஏறி டெஸ்ட் போனை மாட்டினீர்கள். நூறும் வந்தது. அப்படியானால் கோளாறு கூக்கால் பக்கம். மிச்ச தூரத்தில் பாதி, அதிலும் பாதி என்று கம்பம் கம்பமாக ஏறி இறங்கினீர்கள். எண்களை வாசித்து வாசித்து என் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் கூக்கால் ஏரிக்கு மேலே ஒரு கம்பத்தில், காற்றடித்தால் விலகி விலகி ஒட்டும், இரண்டு கம்பிகளை இணைத்த ஒரு முறுக்கு அகப்பட்டது.

"இது நான் போட்ட முறுக்குதான் தங்கச்சி. போன மழையில வெரசா வீட்டுக்குப் போகணும்னு அரைகுறையா சுத்திட்டு வந்துட்டேன்."

"துருப்புடிச்சிருச்சுன்னு எழுதிருங்கண்ணே."

"துருப்புடிக்கலயே" என்றீர்கள். ரிப்போர்ட்டில் உங்கள் பெயரையே எழுதினீர்கள். என் மாற்றல் நின்றது. உங்களுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தை நான்காக மடித்து டெஸ்ட் போன் பெட்டிக்குள் போட்டு, ஓய்வு பெறும்வரை தூக்கிக்கொண்டே திரிந்தீர்கள். யாராவது கேட்டால், "பெரிய எடத்து சிபாரிசு" என்பீர்கள். அன்று நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

இப்போதும் மகள் "கேக்குதாம்மா?" என்றால், நான் வெறுமனே கேக்குது என்பதில்லை. அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவேன். அவளுக்கு அது பெரிய தொல்லை.

போன மாதம் உங்களை அடக்கம் செய்த அன்று, எல்லோரும் சேர்ந்து பரலோக மந்திரம் சொன்னோம். எல்லோருடைய ஆமெனும் முடிந்த பிறகு, வழக்கம்போல் ஒன்று பிந்தி வந்தது. சுத்தமாகக் கேட்டது. மனப்பாடம்தான், தெரியும் அண்ணே. இந்த ஒரு பழுதை மட்டும் நான் யாருக்கும் எழுதிப் போடப்போவதில்லை.