பொட்டு வைத்த செம்பு ரூபாய்

ஜூலை 4, வெள்ளி

புழுக்கம். கடலூரில் ஒரு தூறல், சிதம்பரத்தில் அதுவும் இல்லை. பஸ் ஏறி, சிதம்பரம் அத்தை வீட்டுக்கு மாங்காய் கொண்டுபோனேன். கொல்லையில் பூசைச் சாமான் துலக்கிக்கொண்டிருந்தார். விளக்கு, மணி, தட்டு. நடுவில் ஒரு காசு, புளியில் ஊறியபடி.

இங்கிலாந்து ராணி தலை. பின்னால் ‘ஒன் ருபீ’. ஆனால் செம்பு! அந்தக் கால ரூபாய் வெள்ளியில்தானே. அச்சு சரியா என்று பார்க்க முதலில் ஒன்றிரண்டு செம்பில் அடிப்பார்களாம். மாதிரிக் காசு. இத்தனை வருஷம் காசு சேர்த்தும் படத்தில் மட்டுமே பார்த்தது.

“அம்மனைக் கீழ வைடி. கைய கழுவினியா?” என்றார் அத்தை, என் கையிலிருந்த காசைப் பார்த்து.

ராணிக்கு மூக்கு பாதிதான். மீதி புளியோடு போய்விட்டது.

ஜூலை 7, திங்கள்

பால் கார்டு. குடை ரிப்பேர் (மறுபடி மறந்தேன்). மஞ்சக்குப்பத்தில் பழங்காசு விற்கும் பாயிடம் அன்று எடுத்த போட்டோவைக் காட்டினேன்.

“கள்ளக்காசும்மா. செம்புல அடிச்சு வெள்ளி முலாம் பூசுவானுங்க. இது ஜாஸ்தி தேஞ்சிருச்சு.” கொஞ்சம் யோசித்து, “எழுத்து இடுக்குல பாரு. வெள்ளி ஒட்டியிருந்தா கள்ளன். துளிகூட இல்லன்னா எனக்குப் போன் போடு. உடனே.”

அந்த ‘உடனே’. என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு வேண்டும். கேட்டால் அத்தை கொடுத்துவிடுவார். அதனால்தான் கேட்க முடியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

லீவு. லென்ஸ், பல்குச்சி, சுத்தமான தண்ணீர். அத்தை பூ வாங்கப் போன நேரம் காசை ஊறவைத்தேன். குங்குமம் கரைந்தது. ‘R’ இடுக்கில் வெள்ளையாக ஏதோ. வெள்ளியா? குச்சியால் தொட்டேன், உதிர்ந்தது. விபூதி! அடியில் சிவப்புச் செம்பு. எல்லா எழுத்திலும் செம்பு மட்டும்தான். கள்ளன் இல்லை.

“என்னடி பண்ற?” பின்னால் அத்தை, கையில் பூ.

“அத்தை, இது அம்மன் இல்ல. இங்கிலாந்து ராணி.”

“தெரியும்டி. சுத்தி இங்கிலீஷ்ல எழுதியிருக்கே, எனக்குப் படிக்கத் தெரியாதா? நான் பொட்டு வச்ச அன்னிலேந்து அவ நம்ம வீட்டு அம்மன்.”

“அப்ப புளி போடாதீங்க. மூக்கு முழுசா போயிடும். வெறும் தண்ணி போதும்.”

“பூசைச் சாமானுக்குப் புளி போடாம?” லென்ஸை வாங்கி ராணியை வெகுநேரம் பார்த்தார். “மூக்கு எங்கடி?”

துலக்கும் புளியைக் காட்டினேன்.

“சரி. இவள மட்டும் நீ வந்து கழுவு. வெள்ளிக்கெழம தோறும். தலைக்குக் குளிச்சிட்டு வரணும்.”

பஸ்ஸில் இதை எழுதுகிறேன். பாயிடமிருந்து மூன்று மிஸ்டு கால். நான்காவது இப்போது அடிக்கிறது. எடுக்கவில்லை.