விழாத பனியும் நனைந்த நெல்லும்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும், மாங்குளத்தில் தம்பி நிருஷன் குடும்பமும் பிள்ளையார் காவலில் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள் காய்ச்சல் தடிமன் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் "அம்மா, கூட்டம் தொடங்கிட்டுது" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து வளவு மயில்வாகனம் அண்ணையின் மகன் வினோதன் லீவு முடிந்து வியாழக்கிழமை நோர்வேக்குத் திரும்புகிறான், அவனும் உன் ஊர்ப் பக்கம்தானே, அவனுடைய பெட்டிக்குள் மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் இடையில் இதை வைத்து அனுப்புகிறேன். வாசிக்கும்போது தும்மல் வந்தால் அது தூள், நான் ஏசியதாக நினைக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு அவசரம். மலையிலிருந்து பனி சரிந்து விழப்போகிறது என்று உன்னுடைய பிரிவு கணக்குப் பார்த்துச் சொல்ல, மலையடியில் இருந்த ஊர்ச் சனத்தை எல்லாம் எழுப்பிக்கொண்டுபோய்ப் பாடசாலை மண்டபத்தில் வைத்தார்களாம், பனியோ அசையாமல் மேலேயே இருந்துவிட்டதாம், பிறகு பார்த்தால் கணக்கில் பிழையாம். பத்திரிகையில் உன்னை வைத்துக் கேலிப்படமும் போட்டுவிட்டார்கள் என்றாய். "அம்மா, நான்தான் கையெழுத்து வைச்சனான், எனக்கு இந்தத் தலைவர் கதிரை வேண்டாம், மாத முடிவில விடுறன் எண்டு எழுதிக் குடுக்கப் போறன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாய். நான் ஒன்றும் பேசவில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான் என்று அப்பா ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொல்லித் திரிகிறார்.

அந்தக் கதிரையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. வளிமண்டலத்துக்கும் புவி அறிவியலுக்குமான ஆய்வுப் பிரிவின் தலைவர் என்று நீ அறிவித்த அன்றே அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார், தேத்தண்ணிக் கடையிலும் கோயிலடியிலும் நின்று "என்ர மகள் இப்ப ஆகாயத்துக்கும் பொறுப்பு, பூமிக்கும் பொறுப்பு" என்று சொன்னாராம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எங்களுக்கு யார் பொறுப்பு என்று நான் கேட்டேன். மழை வருகிறது, கொடியில் கிடக்கிற உடுப்பை எடு என்றால் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஓம் ஓம் என்று சொல்லி, எல்லாம் நனைந்த பிறகு எடுத்து வருகிற பிள்ளை நீ. உனக்கு ஆகாயத்தை யார் நம்பிக் கொடுத்தது என்று நான் இன்னும் யோசிக்கிறேன். முற்றம் கூட்டத் தும்புத்தடி யார் எடுப்பது என்று தம்பியோடு உருண்டு புரண்டவள் இப்போது நாற்பது பேருடைய சண்டையைத் தீர்த்துவைக்கிறாளாம், அதில் பாதிப்பேர் உன்னைவிட மூத்தவர்களாம். லீவு கொடுக்கிறதும், கருவி வாங்கக் கடிதம் எழுதுகிறதும், ஆளுக்காள் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிந்தால் கூட்டி இருத்திப் பேசுகிறதுமே வேலையாகிவிட்டது, மழையையும் மண்ணையும் பார்க்க நேரமில்லை என்று நீ குறைப்பட்டாய். நான் இந்த வீட்டில் இத்தனை வருசமாகப் பார்க்கிற உத்தியோகமும் அதேதான் பிள்ளை, எனக்கு ஒருவரும் பதவிப் பெயர் தரவில்லை. கல்யாணக் கதையை இந்தக் கடிதத்தில் எடுக்க மாட்டேன் என்று அப்பாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன், ஆகவே எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொள்.

இனி இங்கத்தைய புதினத்துக்கு வருகிறேன். இதை அப்பா உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறார், அதனால் கட்டாயம் சொல்ல வேண்டும். நீ தலைவரான நாளிலிருந்து எங்கள் வீட்டுப் படலையில் பின்னேரமானால் ஆட்கள்தான். விதைக்கலாமா, மருந்து அடிக்கலாமா, வெட்டு மெசினை நாளைக்கு வரச் சொல்லலாமா, "பிள்ளையிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்று. முதல் தரம் அப்பா உண்மையாகவே உன்னைக் கேட்டார், உனக்கும் ஞாபகம் இருக்கும். "நான் ஆராய்ச்சியில இருக்கிறன் அப்பா, வட்டக்கச்சிக்கு மழை சொல்லுறது என்ர வேலை இல்லை, அங்க வானிலை அறிக்கை சொல்லுறாங்கள்தானே, அதைக் கேளுங்கோ" என்று நீ சொன்னாய். அதைப் போய்ப் படலையில் நிற்பவர்களிடம் எப்படிச் சொல்வது? ஆகாயத்துக்குப் பொறுப்பான மகள் சொந்த ஊர் மழையைத் தெரியாது என்றுவிட்டாள் என்றால் மனிதனுக்கு மரியாதை என்ன ஆகும்? அதற்குப் பிறகு அவர் ஒரு முறை கண்டுபிடித்தார். யாராவது கேட்டு வந்தால் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார், கொஞ்ச நேரம் இருப்பார், வெளியே வந்து சொல்லுவார். குசினிக்குள் நிற்கிற எனக்கு அந்த அறையில் ஒரு சத்தமும் கேட்காது, யன்னல் கொளுக்கி கழலுகிற சத்தம் மட்டும் கேட்கும். யன்னலால் எட்டி வானத்தைப் பார்த்துவிட்டு வந்து "மகள் சொன்னவள்" என்கிறார்!

இதில் கொடுமை என்னவென்றால் முதலில் சொன்னதெல்லாம் சரியாகவே வந்துவிட்டது. கார்த்திகையில் மழை வரும் என்று சொல்ல யாருக்கு மகள் வேண்டும், ஆனால் சனம் அப்படி நினைக்கவில்லை. கோயிலில் அவருக்கு முன் வரிசை. தேத்தண்ணிக் கடையில் சீனி கூடப் போட்டுத் தேநீர். பேச்சியம்மா, அதுதான் வாய்க்கால் ஓரம் குடியிருக்கிற மாயாண்டி அண்ணையின் மனுசி, முருங்கைக்காய் கட்டோடு வந்து "பாப்பாவுக்கு நல்லது நடக்கணுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனா. நான் அந்தக் காயைக் கறி வைத்து அவருக்கு முன்னால் வைத்து, இது பொய்க்கு வந்த காய், தொண்டையில் சிக்காமல் பார்த்துத் தின்னுங்கோ என்று சொன்னேன். நன்றாகத்தான் தின்றார்.

பொங்கல் முடிந்து காலபோக நெல்லு வெட்டு தொடங்கியது. வெட்டு மெசின் போன கையோடு நெல்லு ஈரம், எல்லாரும் வழக்கம்போலத் தார் வீதியில் பரவிக் காயவிட்டார்கள். அதற்கு முதல் நாள் மயில்வாகனம் அண்ணை வந்து, வானத்தில் ஒரு மாதிரி மூட்டம் கிடக்கிறது, பிள்ளையைக் கேளுங்கோ என்று நிற்கிறார். இவர் அறைக்குள் போனார், கதவைச் சாத்தினார், வந்தார். "ஒரு சொட்டும் விழாதாம், தைரியமாக் காயப் போடுங்கோ" என்றார். அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து ஒரு மழை வந்தது பார், வாளியால் ஊற்றியது போல. ஒழுங்கைச் சனம் முழுக்கச் சாப்பிட்ட கையோடு ஓடியது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும். யாருடைய நெல்லு என்று பார்க்க ஏது நேரம், கிடைத்ததை எல்லாம் கூட்டி அள்ளி ஒரே குவியலாக்கித் தறப்பாளால் மூடினார்கள். மழை விட்ட பிறகு தறப்பாளைத் தூக்கிப் பார்த்தால் எங்கள் வெள்ளை நெல்லும், மயில்வாகனம் அண்ணையின் வெள்ளை நெல்லும், பேச்சியம்மாவின் சிவப்பு நெல்லும் ஒன்றாய்ச் சேர்ந்து சிரிக்கிறது. ஆலைக்காரர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு "இதை ஆர் வாங்குவினம், கோழிக்குப் போடுங்கோ" என்று போய்விட்டார். சரி பங்கு போட்டு எடுத்து அவித்துக் குத்தினோம், இப்போது எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஒரே புள்ளிச் சோறுதான், வெள்ளை குழைய சிவப்பு வேகாது, சிவப்பு வேக வெள்ளை கஞ்சியாகும். அதற்கு யது அரிசி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். உனக்கும் ஒரு பை அனுப்பியிருக்கிறேன், உன் பெயரில் இருக்கிற அரிசியை நீ தின்னாமல் யார் தின்பது.

சிரிப்பெல்லாம் பிறகு வந்ததுதான். அன்று பின்னேரம் சிரிப்பு வரவில்லை. பேச்சியம்மா வீட்டுக்கு அந்த நெல்லுத்தான் இந்த வருசம் விற்க இருந்தது. அப்பா, நாங்கள் அதற்கு முந்திய கிழமையே காயவைத்துக் கட்டி வைத்திருந்த மூடைகளை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டுபோய் அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். ஆனால் சனம் அப்பாவில் கோபப்படவில்லை, உன்னைப் பற்றித்தான் கதை. பெரிய படிப்புப் படித்த பிள்ளை இப்படிப் பிழை விட்டுவிட்டதே என்று. அது காதில் விழுந்ததும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பொதுநோக்கு மண்டபத்தில் கமக்காரர் கூட்டம் நடந்த அன்று எழுந்து நின்று, பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, நான் அவளைக் கேட்கவே இல்லை, யன்னலால் பார்த்துவிட்டு நான்தான் சொன்னனான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு நடந்ததைக் கேள், ஒருவரும் நம்பவில்லை! மயில்வாகனம் அண்ணை எழும்பி அவருடைய கையைப் பிடித்து, "தவராசா அண்ணை, பிள்ளையை விட்டுக் குடுக்காமல் பழியை உங்கட தலையில போடுறியள், எங்களுக்கும் பிள்ளையள் இருக்குது, விளங்கும்" என்கிறார். பேச்சியம்மா பின்னால் இருந்து, "அம்புட்டுத் தூரத்துல இருந்து பாக்குற புள்ளைங்க, ஒரு தடவ தப்பினா என்னங்க, மழை என்ன நம்ம சொல்லுக்கு நிக்கிற மாடா" என்கிறா. கடைசியில் அடுத்த சிறுபோக விதைப்புக்கும் பிள்ளையைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, "உண்மையைச் சொன்னதுக்குப் பிறகு முந்தியைவிடப் பெரிய மனிசனாப் போனனப்பா" என்று தலையில் கை வைத்தார். இப்போது யாராவது படலையில் கூப்பிட்டால் நான் முதலில் போய் யன்னலைப் பூட்டுகிறேன்.

ஆகவே உன் பெயரில் இங்கே ஒரு பிழை நின்றது, நீ செய்யாதது, அதை இந்தச் சனம் ஒரு கூட்டத்தில் மன்னித்துப் போட்டது. அங்கே உன் பெயரில் நிற்கிற பிழை உன்னுடைய பிரிவு செய்தது, நீ கையெழுத்து வைத்தது, அதை நான் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். கணக்கு எங்கே பிழைத்தது என்று தேடு, திருத்து, அந்தச் சனத்திடம் போய் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேள். உள்ளதைச் சொன்னால், நீ அந்தக் கதிரையை விட்டுவிட்டு இங்கே வந்து என் கண்ணுக்கு முன்னால் இருந்தால் எனக்குச் சந்தோசம்தான், ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அன்று போனில் பேசாமல் இருந்ததும் அதனால்தான், வாயைத் திறந்தால் வா என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். களைத்துப் போனாய் என்றால் விட்டுவிட்டு வா, சோறு இருக்கிறது. ஆனால் இந்த வெட்கத்துக்காக வராதே. இரண்டு இரவு பாடசாலையில் படுத்துவிட்டுத் திரும்பிப் போன சனம் உன்னை ஏசுகிறது என்று நீ சொன்னாய், அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். சண்டைக்குள் வீட்டை விட்டு ஓடி, மல்லாவியில் பாடசாலைச் சீமெந்துத் தரையில் நீ என் மடியில் தலை வைத்துக்கொண்டு எப்போ அம்மா வீட்டை போறது என்று கேட்டாய், உனக்கு அப்போது ஒன்பது வயது, ஞாபகம் இருக்கும். நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலைகூட இல்லை, கிணறு மட்டும்தான் இருந்தது. வீட்டுப் பூட்டின் திறப்பை மட்டும் அவ்வளவு காலமும் பத்திரமாக வைத்திருந்தேன், போட்டுத் திறக்க ஒன்றும் இருக்கவில்லை. உன்னுடைய சனம் திரும்பிப் போய்த் தங்கள் திறப்பைப் போட்டுத் தங்கள் கதவைத் திறந்து, தங்கள் அடுப்பில் தேநீர் வைத்துக் குடித்துக்கொண்டு உன்னை ஏசியிருக்கிறார்கள். ஏசட்டும். அப்படி ஒரு பிழையை எங்களுக்கு ஒருவரும் செய்யவில்லை, பிள்ளை.

பிள்ளையார் உன் கணக்குக்கும் கைக்கும் துணை நிற்கட்டும், நீண்ட ஆயுசோடும் நல்ல பேரோடும் இரு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார், யன்னல் கதையை எழுதினேனா என்று கேட்டுக்கொண்டு பின்னால் நிற்கிறார், இல்லை என்று சொல்லியிருக்கிறேன். வெளியில் போகும்போது காதை மூடித் தொப்பி போடு, தலைமுடி கலையும் என்று பார்க்காதே. மாத முடிவுக்கு முதல் என்ன முடிவு என்று எனக்குச் சொல், கூட்டம் இல்லாத நேரத்தில் எடு.

என்றும் உன்மேல் உயிராயிருக்கும்
அம்மா,
த. விமலேஸ்வரி