214ஆம் எண் சிரிப்பு

மார்ச் 3, திங்கள்

இன்று வந்த வாய் அச்சின் எண் 214. எங்கள் பல் கட்டும் பட்டறைக்கு ஆள் வருவதில்லை. அச்சு வரும், எண் வரும், உதடு மட்டும் தெரிகிற ஒரு படம் வரும். பெயர் டாக்டரோடு நின்றுவிடும். 214க்கு டாக்டரின் குறிப்பு: பெண், வயது 56, பல் எல்லாம் எடுத்தாயிற்று. பழைய பல் இருந்த மாதிரியே வேண்டும். முன்பல் நடுவே இடைவெளி, இடப்பக்கக் கோரைப்பல் கொஞ்சம் சாய்வு. வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது.

"வரிசையா அடுக்க எவனுக்கும் வரும். கோணலை அதே கோணலா வைக்கணும், அதான் வேலை" என்றார் மாஸ்டர். என்னிடமே கொடுத்துவிட்டார். ஆறு வருடத்தில் முதல் முழு செட். தலைகால் புரியவில்லை.

மார்ச் 8, சனி

முடித்தேன். மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். ஒரு வார உழைப்புக்கு ஒரு "ம்". பாராட்ட ஆள் வேண்டாமா மனுஷனுக்கு?

மேசை மேல் கிடந்த நீலத் துண்டில் வைத்துப் படம் எடுத்தேன். "கோணலும் அழகுதான்" என்று எழுதி என் பக்கத்தில் போட்டேன். என்னைப் பின்தொடர்கிறவர்கள் முப்பத்தேழு பேர். அதில் ஒன்று அக்கா, இரண்டு நானே. பெயர் இல்லை, முகம் இல்லை, வெறும் பல். இதில் என்ன ரகசியம் கெட்டுவிடப் போகிறது?

மார்ச் 9, ஞாயிறு

இருநூற்றுப் பன்னிரண்டு லைக்.

மார்ச் 10, திங்கள்

நாலாயிரம்! யாரோ பெரிய கை பகிர்ந்திருக்கிறார்கள். போன் துடிக்கத் துடிக்க நானும் துடித்தேன். 219ஆம் எண்ணில் வலது கடைவாய்ப் பல்லை இடதில் வைத்துவிட்டேன். "கையில போனா, பல்லா? ஏதாவது ஒண்ணைக் கீழ வை" என்றார் மாஸ்டர். பல்லைக் கீழே வைத்தேன். முறைத்தார்.

பதினோரு பேர் இது தங்கள் சித்தப்பாவின் பல் என்று அடித்துச் சொல்கிறார்கள். ஒருவர் இந்தப் பல்லைக் கட்டிக்கொள்ளத் தயாராம், வரன் கேட்கிறார். அக்காவும் எழுதியிருக்கிறாள்: "அச்சு அசல் எங்க அத்தை சிரிப்பு." கூடவே பதினெட்டு சிரிப்பு பொம்மை. அத்தை என்றால் அவள் மாமியார். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். அக்காவின் வரிக்கு ஒரு இதயம் போட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அக்கா குளியலறைக்குள் இருந்து போன் செய்தாள். குழாயைத் திறந்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"அத்தை என் முகத்தையே பாக்க மாட்டேங்கறாங்கடா. நான் எழுதினதைப் பாத்துட்டாங்க போல. சும்மா விளையாட்டுக்குத்தானே எழுதினேன்?"

"திட்டினாங்களா?"

"எங்க திட்டறது? ஒரு மாசமா தொண்டையில தொற்றுன்னு லீவு. எப்பவும் முகக்கவசம், சாப்பாடு தனி ரூம்ல, எது கேட்டாலும் சீட்டுல எழுதிக் குடுக்கறாங்க. இன்னிக்குக் குடுத்த சீட்டுல 'நல்லா சிரி'ன்னு எழுதியிருக்கு. பயமா இருக்குடா."

ஒரு மாதம். முகக்கவசம். தனி அறை.

வைத்துவிட்டு அக்காவின் கல்யாண வீடியோவைப் போட்டேன். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் அத்தை சிரிக்கிறார். நிறுத்தினேன். இடைவெளி, சாய்வு. 214. மூன்று வருடமாக அந்தச் சிரிப்புக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேனே, தடியா, பல் செய்கிறவன்தானே நீ?

நான் அடித்த கூத்துக்கு அக்கா அந்த வீட்டில் குற்றவாளி. நாளைக்கு அத்தையின் ஆபீஸ் முழுக்கத் தெரிந்தால்?

மார்ச் 12, புதன்

பதிவை அழித்தேன். என்ன பிரயோஜனம்? பல் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. பூங்கொத்து ஒட்டி, "காலை வணக்கம், புன்னகையோடு தொடங்குங்கள்" என்று எழுதி, குடும்பக் குழுக்களில் எல்லாம் போகிறது. மாஸ்டரின் மனைவிக்கும் வந்ததாம். அதைக் காட்டியபோது மாஸ்டர் பல்லைப் பார்க்கவில்லை, நீலத் துண்டில் இருந்த தீய்ந்த ஓட்டையைப் பார்த்தார். அந்த ஓட்டை போட்டவரே அவர்தான்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "வெள்ளிக்கிழமை அந்தம்மாவுக்கு மாட்டறாங்க. நீயே கொண்டு போ. நீயே சொல்லு. அவங்க நீ வேண்டாம்னு சொன்னா, திங்கக்கிழமை நீ வர வேண்டாம்." அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

சோறு இறங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

டாக்டரின் நாற்காலியில் அத்தை சாய்ந்திருந்தார். வாய்மேல் கைக்குட்டை. என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது. டப்பாவை நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். "நான்தான் செஞ்சேன், நான்தான் படம் போட்டேன், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. அவ சும்மா எழுதினா. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

அத்தை திட்ட வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மூடிக்கொண்டு, விரலால் டப்பாவைக் காட்டினார். என்னைத் திட்ட நான் செய்த பல்தான் வேண்டியிருந்தது. டாக்டர் மாட்டிவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது. மூன்றாம் நடைமேடைக்கும் கேட்டிருக்கும். "சொந்தக்காரப் பையனா நீ? சந்தி சிரிக்க வெச்சிட்டியே. பதினெட்டு சிரிப்பு போட்டிருக்கா உங்க அக்கா, எண்ணினேன். சம்பளம் வாங்கிக்கிட்டு செய்யற வேலையா இது..."

சட்டென்று நிறுத்தினார். "சம்பளம்," என்றார் மறுபடி, மெதுவாக. "சேவை. சென்று சேரும்." ஒரு 'ச'விலும் காற்று ஒழுகவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"பல் எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"பல்லுல ஒரு குறையும் இல்ல. செஞ்ச ஆள்தான் சரியில்ல."

கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "நிஜமாவே அவ்வளவு பேரு அழகா இருக்குன்னு எழுதினாங்களா? பள்ளிக்கூடத்துல என்னை ஓட்டைவாய்னுதான் கூப்பிடுவாங்க."

"நிஜமா அத்தை. ஒருத்தர் வரன்கூட கேட்டாரு."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க அக்காகிட்ட நான் பேசிக்கறேன். அவளுக்கு இது தெரிய வேண்டாம். யாருக்குமே. உன் வாயில நிக்குமா?"

"நிக்கும்."

"பாக்கலாம். உன் மாஸ்டர்கிட்ட வேலையில வெச்சுக்கச் சொல்லு. எனக்கு இது தளர்ந்தா யாருகிட்ட போறது?"

மார்ச் 17, திங்கள்

வேலை இருக்கிறது. போன் மாஸ்டரின் இழுப்பறையில் இருக்கிறது, மாலை வரை. 219ஐச் சரிசெய்தேன். "ம்" என்றார். போதும்.

மார்ச் 24, திங்கள்

அக்காவை ஏற்றிவிடப் பேருந்து நிலையம் போனேன். நடைமேடையில் நின்றோம். மேலே ஒலிபெருக்கி கரகரத்து, பிறகு அந்தக் குரல்: ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக, உளியால் செதுக்கியது போல. பக்கத்தில் நின்றவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தை குரல் முன்னைவிடத் தெளிவா இருக்குல்ல?" என்றாள் அக்கா. "என்னடா பண்ணினாங்க?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலாயிரம் பேரிடம் சொன்னபோது இவ்வளவு ஆசை இருந்ததில்லை.

"தொண்டை சரியாயிடுச்சு போல," என்றேன்.