மாமிக்கு வாசித்த கடிதம்

மண்டைக்காடு
3.2.1952

அன்புள்ள ஜெபகுமாரிக்கு மைனி ஞானம் எழுதுவது.

இதை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. நீ நர்சு என்பதால் துணிந்து எழுதுகிறேன். மூன்றாவது பிள்ளை வயிற்றில், இப்போது நாலு மாதம். போன வாரம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது கீழே சதை இறங்கி வெளியே வந்துவிட்டது. படுத்தால் உள்ளே போகிறது, எழுந்தால் வருகிறது. குடத்தைக் கண்டாலே பயம். விஷயம் தெரியாத உன் அம்மாவோ, நான் சற்றுப் படுத்தாலே, "நான் அஞ்சு பெத்தவளாக்கும். ஒருநாள் படுத்துக் கெடந்தேனா?" என்கிறார்கள். பிள்ளை தங்குமா, ஜெபா? கத்தி வைப்பார்களா?

ஞானம்

நாகர்கோவில்
6.2.1952

அன்பு மைனி,

கத்தியே வேண்டாம். செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டாக்டரம்மா ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்துத் தாங்கல் கொடுப்பார்கள். பிள்ளை வளர்ந்து கர்ப்பப்பை மேலே ஏறியதும் எடுத்துவிடலாம். குடத்தையும் உலக்கையையும் தொடாதீர்கள். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திப் படுங்கள். அம்மாவுக்கும் எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன்.

ஜெபகுமாரி

மண்டைக்காடு
2.3.1952

அடி ஜெபா,

உனக்கு மூளை இருக்கிறதா? உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அவர்களுக்கு வரும் கடிதத்தை வாசிப்பவள் நான்தான் என்பதை மறந்தாயா? "ஏட்டி, சத்தமா வாசி" என்றார்கள். என் சங்கதியை என் வாயாலேயே வாசித்தேன். ஒரு வரியை விழுங்கப் பார்த்தேன், "பொறவு?" என்று கேட்டார்கள். மறுநாள் காலையில் குடம் மாமியின் இடுப்பில் இருந்தது.

உன் அண்ணன் செங்கல்லைத் தலைமாட்டில் வைத்து மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வளையம் உறுத்தவில்லை. நிமிர்ந்து நடக்கிறேன். உனக்கும் டாக்டரம்மாவுக்கும் என்ன செய்து தீர்ப்பேன்!

ஞானம்

மண்டைக்காடு
20.7.1952

அன்புள்ள ஜெபா,

நேற்று உனக்கு மருமகள் பிறந்தாள். இருவரும் சுகம். ஐந்தாம் மாதம் வளையத்தை எடுத்தபிறகு எனக்கு இறங்கவேயில்லை. உன்னால் என் பிள்ளை தங்கியது.

இனி மாமி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"மக்கா, நீ பொறந்த நாள்ல இருந்து எனக்கும் அது எறங்கித்தான் கெடக்கு. இருவத்தாறு வருசம். பொம்பளைக்கு உள்ளதுதான்னு இருந்துட்டேன். ஞானம் ஒன் கடிதாசிய வாசிச்சப்பதான் இதுக்கும் வைத்தியம் உண்டுன்னு தெரிஞ்சுது. எனக்க வயசுல அந்த வளையம் வைப்பாங்களான்னு கேட்டு எழுது."

ஜெபா, அந்த உடம்போடுதான் இவ்வளவு நாளும் எனக்காகத் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். புதன்கிழமை உன் அண்ணன் அவர்களை அங்கே கூட்டி வருவார். இப்போது வெட்கம் வந்து, "கிழிச்சுப் போடுட்டி" என்கிறார்கள். நான் உறையை ஒட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் மைனி
ஞானம்