பதினாறு நட்டு

நவ. 8, சனி

காலையில் தூறல், பிறகு வெயில். துணி பாதிதான் காய்ந்தது.

கார் டயரை முன்னுக்குப் பின் மாற்ற வேண்டுமாம். முன் டயர் இரண்டும் ஓரத்தில் தேய்ந்துவிட்டன. கடையில் கொடுக்கலாம் என்றேன். இவர் கேட்கவில்லை. இவருக்கு வலது மணிக்கட்டு ஒடிந்து, பிளேட் வைத்து நான்கு மாதம். ஒரகடம் ஃபேக்டரியில் காருக்குச் சக்கரம் மாட்டும் வேலை. வியாழக்கிழமை கம்பெனி டாக்டர் கையைப் பார்த்துச் சொன்னால்தான் மறுபடி அசெம்ப்ளி லைன்.

மாலை ஸ்பேனர் போட்டார். முதல் நட்டே அசையவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி. முகமெல்லாம் வியர்வை.

"நான் ஏறி மிதிக்கட்டுமாங்க?"

"நீ உள்ள போ, தேவி."

போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன்.

நவ. 9, ஞாயிறு

காலை 5.30. இவர் தூக்கம். ஸ்பேனர்மேல் ஏறி நின்று பதினாறு நட்டையும் இளக்கினேன். ஒவ்வொன்றும் கால் சுற்று. ஒவ்வொன்றுக்கும் கீச்சென்று சத்தம். பால் வாங்கி வந்த எதிர்வீட்டு அக்கா: "இன்னாடி, காலங்காத்தால?"

"சும்மாக்கா."

9 மணிக்கு இவர் உட்கார்ந்தார். முதல் நட்டு கழன்றது. இரண்டாவது. ஏழாவதில் சிரித்தேவிட்டார்.

"கை வந்துடுச்சு தேவி! பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

ஜாக்கி, ஸ்டெப்னி, மண். சக்கரங்களை இரண்டு பேருமாகத் தூக்கி மாட்டினோம். இவர் இறுக்கியது போதாது. குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் மிதித்து இறுக்கினேன்.

சாயங்காலம் சூப்பர்வைசருக்கு போன். "ஃபுல்லா ரெடி சார். வூட்ல டயரே நான்தான் மாத்துனேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நவ. 11, செவ்வாய்

மளிகை, மாத்திரை. நான் ஓட்டினேன், இவர் பக்கத்தில். ஸ்ரீபெரும்புதூர் போகும்போது 70-ல் ஸ்டியரிங் உதறியது. நேராக வீல் பேலன்ஸ் கடை. ஒரு சக்கரத்தில் ஈய எடை விழுந்திருக்கிறது. அது பின்னால் இருந்தபோது தெரியவில்லை, முன்னால் வந்ததும் உதறுகிறது. மிஷினில் சுழற்றி 35 கிராம் ஒட்டினார்கள்.

கடைக்காரர்: "நட்டு இன்னாங்க இவ்ளோ டைட்டா கீது? யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் இவர். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். நான் சாலையில் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவ. 13, வியாழன்

விடாத மழை. ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே காரில் காத்திருந்தேன். நாற்பது நிமிடம். நனைந்தபடி வந்து உட்கார்ந்தார்.

"கையில புடிச்சு அமுக்குற மீட்டர் குடுத்தாங்க. பாதிகூட வர்ல. இன்னொரு வாட்டின்னு கேட்டேன். மூணு வாட்டி குடுத்தாங்க."

லைன் கிடையாது. ஸ்டோர்ஸில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதுவும் மூன்று மாதத்துக்குத்தான்; பிறகு பார்த்துச் சொல்வார்களாம்.

"வூட்ல கழட்டுனனே தேவி. நீதான் பாத்தியே?"

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தேங்க."

மண்ணூரில் வீட்டுக்கு வந்ததும் மழையிலேயே டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். ஒரு நட்டு. அடுத்த நட்டு. அடுத்த சக்கரம். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தேன். எதுவும் அசையவில்லை. கடைசியில் ஸ்பேனரை நட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"நீ ஒரு வாட்டி பாரு."

காலை வைத்தேன். உடம்பின் பாரத்தைப் போடாமல் மிதித்தேன்.

"எனக்கும் வரலைங்க."