போத்தனூரில் இந்தி பேசத் தெரியாதவள்

ஞாயிற்றுக்கிழமை உன் தூக்குப்போசியை மேல்தட்டிலிருந்து இறக்கினேன். நீ போன பிறகு அதை நான் தொட்டதில்லை. எங்கள் பீளமேட்டுத் தெருக்காரர்கள் போர் நிதிக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரச் சொன்னார்கள். எலுமிச்சை சாதம் கிளறி அதில் போட்டேன். மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் சூடான எவர்சில்வரும் சேர்ந்த அந்த மணம் வந்தது. மூடியில் புள்ளி புள்ளியாகக் கொத்திய உன் அம்மாவின் பெயர் இன்னும் அழியவில்லை.

எழுபத்தொன்று டிசம்பரில் இதே மணத்தோடுதான் நீயும் நானும் போத்தனூர் பிளாட்பாரத்தில் நின்றோம். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தோம். பட்டாளத்து ரயில் நிற்கும் என்று தெரிந்ததும் டவுனில் தெருத் தெருவாகச் சமைத்தார்கள். உன் அம்மா எலுமிச்சை சாதம், என் அம்மா தயிர்சாதம். வண்டி வந்தது. ஜன்னலெல்லாம் சிப்பாய்கள். அவர்களிடம் என்ன சொல்லிப் பொட்டலத்தை நீட்டுவது? ஆறேழு வருஷத்துக்கு முன்னால் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்கள்தான் நாமெல்லாரும். அன்றைக்கு இந்தி தெரிந்த ஒருவரை அங்குமிங்கும் தேடினோம்.

மில் மேனேஜர் வீட்டு அம்மா உன்னைக் கண்டுபிடித்தார்.

"ஏனம்மணி, நீ போய்ப் பேசு கண்ணு. உங்க பாஷைதானே அது!"

"எனக்கு வராதுங்க."

"வெக்கப்படாதே கண்ணு. ஊட்ல பேசறதுதானே."

"ஊட்லயும் இதைத்தானுங்க பேசறோம்."

நீ முஸ்லிம், ஆகவே உனக்கு இந்தி தெரியும். அந்த அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். முதுகில் கை வைத்து உன்னை ஜன்னலோரம் தள்ளினார். நீ ஒரு கணம் முழித்தாய். பிறகு மொழி தெரியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்பதுபோலக் கத்தினாய்: "ஏனுங்க! எலுமிச்சஞ்சோறுங்க! காரமில்லீங்க, தைரியமா உண்ணுங்க!"

உள்ளேயிருந்த சிப்பாய் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கேட்டான்: "ஏன் தங்கச்சி இப்படிக் கத்துதிய? நான் திருநெல்வேலிக்காரன்தான்."

பிளாட்பாரமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அந்த மேனேஜர் வீட்டு அம்மாதான். "நாந்தான் பைத்தியம் கண்ணு" என்று உன் கன்னத்தைக் கிள்ளினார். அந்தச் சிரிப்பில் வண்டி நகர்ந்ததையே கவனிக்கவில்லை. தயிர்சாதத்தோடு ஜன்னலுக்குள் நீட்டிய எங்கள் வீட்டுத் தூக்குப்போசி வண்டியோடு போய்விட்டது. அம்மா தோலை உரித்துவிடுவாள் என்று நான் நடுங்கினேன். நீ உன்னுடையதைக் காலி செய்து என் கையில் திணித்தாய். "இதைக் கொண்டு போ புள்ள. எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்." மூடியில் பெயர் இருப்பது நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. என் அம்மா அதைப் படித்துவிட்டுத் திட்ட மறந்து சிரித்தாள். உன் அம்மாவிடம் நீ என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாய் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் தங்கம் என்று எழுத எனக்கு வரவில்லை. சோறு கட்டிக் கொடுத்த தெருவிலேயே மண்ணெண்ணெயைப் பதுக்கிய கடைக்காரரும் இருந்தார். உன்னைத் தள்ளிய கையில் அன்பு மட்டும் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் தன் எண்ணம் தப்பு என்று தெரிந்ததும் அந்த அம்மா வெட்கப்பட்டார். அதை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அவ்வளவு இப்போது எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

தொண்ணூற்றெட்டில், குண்டுகள் வெடித்து ஊர் இரண்டுபட்ட அந்த வருஷம்தான் உன் இதயம் பழுதானது. மாடிப்படி ஏறவே கூடாது என்றார் டாக்டர். உன் வீடோ டவுனில் ஒரு சந்துக்குள், செங்குத்தான படிகளுக்கு மேலே. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகத் தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும். எங்கள் தெரு முனை வீட்டில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. போனேன். வீட்டுக்காரர் காபி கொடுத்தார், அறைகளைத் திறந்து காட்டினார், அட்வான்ஸ்கூட மெதுவாகத் தரலாம் என்றார். உன் பெயரைக் கேட்டதும் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தமிழ் பேசுவாங்களா டீச்சர் அவங்க?"

"என்கூடப் படிச்சவங்க. உங்களையும் என்னையும்விட நல்லாப் பேசுவாங்க."

"அதுக்கில்லீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க. அக்கம்பக்கம் நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்."

கேட் வரை வந்து வழியனுப்பினார். நம் ஊரில் கதவைச் சாத்துவதும் மரியாதையாகத்தான். அடுத்தடுத்துப் பார்த்த வீடுகளிலும் காபி கிடைத்தது.

நான் பொருமியபோது நீ படுக்கையிலிருந்தபடி சிரித்தாய். "விடு புள்ள. அப்ப இந்தி பேசுன்னு தள்ளுனாங்க. இப்பத் தமிழ் வருமான்னு கேக்கறாங்க. எனக்கு எப்பவுமே பரீட்சைதான்."

ஐப்பசி மழையில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உன்னை நாற்காலியில் உட்காரவைத்து அந்தப் படிகளில் இறக்கினார்கள். பாதிப் படியிலேயே நீ போய்விட்டாய் என்று உன் மகள் சொன்னாள்.

இப்போது மறுபடியும் போர். எங்கோ பனிமலையில் பையன்கள் சாகிறார்கள். இங்கே நாங்கள் இட்லி தின்றுகொண்டே டிவியில் பார்க்கிறோம். கார் கண்ணாடிகளில் கொடி ஒட்டியிருக்கிறது. கூட்டத்துக்குத் தலைவர் முனை வீட்டுக்காரர்தான். நான் கல்லூரி டீச்சர் என்பதால், எழுபத்தொன்றில் இருந்த ஒற்றுமையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் மேடைக்குப் பழகியவள் இல்லை. ஆனாலும் உனக்காக ஏறினேன்.

போத்தனூர்க் கதையைச் சொன்னேன். திருநெல்வேலிச் சிப்பாய் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் பெயரைச் சொன்னதும் கைதட்டல். முனை வீட்டுக்காரர் எழுந்து நின்றே தட்டினார். "நம்ம நாட்டு ஒற்றுமைக்கு இதைவிட என்னங்க சாட்சி வேணும்?" என்றார். அவருக்கு உன் பெயர் நினைவிலேயே இல்லை. என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

மைக்கை நான் விடவில்லை. "அவங்க போன வருஷம் இந்தத் தெருவுல ஒரு வீடு கேட்டாங்க" என்றேன். அவர் முகம் மாறியது. "படி ஏற முடியாதவங்க. தரைத்தளத்துல வீடு காலியா இருந்தும்…" அவர் ஓரத்தில் நின்ற பள்ளிப் பெண்களைப் பார்த்துக் கை காட்டினார். நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. எல்லாரும் எழுந்து விறைத்து நின்றார்கள். நானும்தான் நின்றேன், வாயை மூடிக்கொண்டு.

முடிந்ததும் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எலுமிச்சை சாதம் மட்டும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

தூக்குப்போசியை நான் திரும்ப மேல்தட்டில் ஏற்றவில்லை. தினமும் அதில்தான் பால் வாங்குகிறேன். இன்று காலை பால்காரர் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் படித்துப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், பேரு வேற மாதிரி இருக்குதே. யாரு ஊட்டுதுங்க இது?"

"எங்க ஊட்டுதுதானுங்க. ஊத்துங்க."