போயிட்டு வர்றேன் என்று சொன்ன குற்றம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அம்மாவின் முழங்கால் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நீ ஓட்டும் பஸ்ஸும் அதேபோல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் அம்மா குறுக்கே புகுந்து முடிவை முதலில் போட்டு உடைத்துவிடுவாள். செய்தி என்றால் முடிவு முதல் வரியில் வர வேண்டும் என்று முப்பத்தோரு வருடம் பத்திரிகையில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான்தான், இந்த ஒரு தடவை மீறுகிறேன், பொறுத்துக்கொள். என் வேலை நன்றாகப் போகிறது. பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வட்டப் பலகையைப் பிடித்து, பிள்ளைகள் சாலையைக் கடக்க வண்டிகளை நிறுத்துகிறேன். இத்தனை வருடம் எழுதி ஒரு மந்திரியைக்கூட என்னால் நிறுத்த முடியவில்லை, இப்போது பலகையைத் தூக்கினால் சிமெண்ட் லாரி நிற்கிறது. அம்மா ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில்தான் இன்னும் இருக்கிறாள். மடிக்கும் மேசையில் அவளுக்கு எதிரே நிற்பவளுக்கு நம் மொழி தெரியாது, இவளுக்கு அவள் மொழி தெரியாது, ஆனாலும் மேஸ்திரியைப் பற்றி இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிச் சிரிக்கிறார்கள்.

இப்போது உன்னிடம் மறைத்த விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதே. அம்மாவின் அடைக்கல மனு பரிசீலனையில் இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியது பாதி உண்மை. முதல் விசாரணையிலேயே அதை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடும் தோற்றால் அறுபது நாளில் அவள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், எனக்கு மட்டும் இங்கே இருக்க அனுமதி. நான் முன்னால் தப்பி வந்தேன், அவள் பதினொரு மாதம் கழித்து வந்தாள், அதனால் அவள் வழக்கு தனி. எங்கள் தெரு துறைமுகச் சாலையில் போய்ச் சேருவதும், அந்தச் சாலை யார் கையில் இருக்கிறதோ நகரம் அவர்கள் கையில் என்பதும், ஆயுதக்காரர்கள் வீடு வீடாகக் காலி செய்வதை நான் எழுதப்போய் பத்திரிகை ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு போனதும் உனக்குத் தெரிந்த கதைதான். அம்மா கிளம்பிய நாளைப் பற்றி மட்டும் நீ அதிகம் கேட்டிருக்கமாட்டாய். முதலில் தண்ணீர் நின்றது, அப்புறம் மளிகைக்கடை மூடியது, நாற்பத்தொரு வீட்டில் இருபத்தாறு காலியான பிறகு ஒரு காலையில் ஒலிபெருக்கி வண்டி வந்து நான்கு மணிக்குள் எல்லோரும் போய்விட வேண்டும் என்றது. அம்மா ஒரு பையோடு இறங்கி வந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு வயதான மாமியாரைத் தூக்க வண்டி கிடைக்கவில்லை, அவள் மட்டும் வாசலில் நின்றிருக்கிறாள். அவளிடம் உன் அம்மா, மாடியில் துணி காயுது, மழை வந்தா எடுத்து வைங்க, போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

விசாரணையில் அதிகாரி, கிளம்பும்போது கடைசியாக யாரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மா ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் ஒரு எழுத்து விடாமல் மாற்றினாள். அந்த அம்மாளுக்கு நம் மொழி படிப்பில் வந்தது, வீட்டில் வந்ததில்லை. உன் அம்மா அவளுக்கு அகராதி என்று பெயர் வைத்திருக்கிறாள், இரண்டு அர்த்தத்திலும். உத்தரவில் இப்படி எழுதி வந்தது: மனுதாரர் தாம் சென்று திரும்பி வருவதாக அண்டை வீட்டாரிடம் உறுதியளித்துள்ளார், துணிகளை மழையிலிருந்து பாதுகாக்கவும் ஏற்பாடு செய்துள்ளார், எனவே இது தற்காலிகப் பயணம், அச்சத்தால் வெளியேறியதாகக் கருத இயலாது. படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அதையே மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எங்களுக்காக இலவசமாக வாதாடும் நெட்டை வக்கீலம்மா உடனே விளக்கம் எழுதித் தரச் சொன்னாள். நான் பழைய வேகத்தில் உட்கார்ந்து ஒன்றேகால் பக்கம் எழுதினேன். எங்கள் மொழியில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, பல் பிடுங்கியவரிடமும் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்கிறோம், போலீஸ் நிலையத்தில் நாள் முழுக்க உட்கார வைத்து அனுப்பினாலும் அதையேதான் சொல்கிறோம், அங்கே திரும்பி வர யாருக்கும் ஆசை கிடையாது என்று ஆதாரத்தோடு அடுக்கினேன். வக்கீலம்மாவுக்குப் பரம திருப்தி. அது வெறும் வாய்ப்பழக்கம், அர்த்தம் எதுவும் இல்லை, கேட்டால் இதை மட்டும் சொல்லுங்கள் என்று அம்மாவை ஆறு தடவை ஒப்பிக்க வைத்தாள். அம்மா ஆறு தடவையும் சரியாகச் சொன்னாள். ஏழாவது தடவைக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு மேசை, தண்ணீர்க் குவளை, ஒரு பக்கம் அதிகாரி, பக்கவாட்டில் அதே அகராதி. என்னைப் பின்னால் சுவரோரமாக உட்கார வைத்து வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். இவர் வாயை மூடி வைப்பது கஷ்டம் என்று அம்மா சிபாரிசாக ஒரு வார்த்தை போட்டாள், அது மொழிபெயர்க்கப்படவில்லை. அதிகாரி என் விளக்கத்தைப் படித்துவிட்டு, அப்படியானால் திரும்பி வருகிறேன் என்று நீங்கள் சொன்னதற்கு அர்த்தம் எதுவும் இல்லையா என்று நேராகக் கேட்டார். அம்மா இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, "அர்த்தம் இருக்குங்க. திரும்பி வரணும்னு நெனச்சுத்தான் சொன்னேன்" என்றாள். வக்கீலம்மாவின் பேனா கீழே விழுந்து உருண்டது. அம்மா நிறுத்தவில்லை. "அன்னிக்கு எங்க தெருவுல கிளம்பின எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. வர முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். வரமாட்டேன்னு சொல்ல வாய் வரல. என்னை இப்பக் கொண்டுபோய் எங்க வாசல்ல விட்டா உள்ள போய் வீடு கூட்ட ஆரம்பிச்சிடுவேன். ஆனா அந்த வாசல்ல துப்பாக்கி வச்சுக்கிட்டு வேற ஆளு நிக்கிறான். அவனைக் கிளப்பிவிட உங்களால ஆகுமா? ஆகும்னா சொல்லுங்க, நான் இந்த மனுவை இப்பவே திரும்ப வாங்கிட்டுப் போறேன்."

அகராதி பாதி மாற்றிவிட்டு நின்றுவிட்டாள். அதிகாரியிடம் அனுமதி கேட்டு, அம்மாவை மறுபடி மெதுவாகச் சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவை மாற்றி முடித்ததும், போன முறை தான் சொன்ன மொழிபெயர்ப்பில் சொற்கள் சரி, பொருள் தவறு, இதையும் பதிவு செய்யுங்கள் என்றாள். தன் தவறைத் தானே எழுத்தில் கேட்டு வாங்கும் ஆளை என் தொழிலில் நான் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன், இந்த அம்மாள் மூன்றாவது. அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு அந்தத் துணிகள் என்ன ஆயிற்று என்று கேட்டார். தையல்காரம்மா எடுத்து மடித்து வைத்தாள், பதினைந்து நாள் கழித்து அவளும் ஓடவேண்டி வந்தபோது அதில் ஒரு போர்வையில்தான் மாமியாரைக் கட்டித் தூக்கினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டதை அம்மா சொன்னாள். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன், எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தது, வாசலில் என்ன பேசிவிட்டு வந்தீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

நேற்று மத்தியானம் தபால் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. அவள் இங்கேயே இருக்கலாம். வக்கீலம்மா போனில், உங்கள் மனைவி என் பேச்சைக் கேட்டிருந்தால் ஒருவேளை தோற்றிருப்போம் என்றாள். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, நேற்றிலிருந்து வீட்டில் என் ஆலோசனைக்கும் மதிப்பு போய்விட்டது. உத்தரவோடு பயணப் பத்திரம் வாங்குவதற்கான தாளும் இருந்தது. எல்லா நாடுகளுக்கும் செல்லும், ஒன்றைத் தவிர என்று போட்டு, நம் நாட்டின் பெயரை எழுதியிருந்தார்கள். அம்மா அந்த வரியை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். மடிக்காமல் கிடந்த துணிகளை எடுத்து மடித்தாள். அப்புறம், "பாப்பா இருக்கிற ஊர் அந்த ஒண்ணு இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பெட்டியை இறக்கச் சொன்னாள்.

பத்திரம் கைக்கு வர எட்டு வாரம் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன், பெட்டி இப்போது கட்டில் மேல் திறந்தபடி இருக்கிறது. ஆறு வருடம் கழித்துப் பார்க்கப் போகிறாய், அவள் தலை நரைத்ததைப் பற்றி விமான நிலையத்திலேயே ஆரம்பிக்காதே. உன் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டு அவளுக்கு வேண்டுமாம், முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை. மேலதிகாரியிடம் இப்போதே சொல்லி வை, ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று பலகை இருந்தால் அதை எப்படியாவது மறைத்துவிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். இரண்டு பேரும் குறையில்லாமல் நீண்ட நாள் சிரித்துக்கொண்டு இருங்கள்.

பிரியமுள்ள
அப்பா